பெயர் அழிந்த பாட்டில்கள்

செப்டம்பர் 4, திங்கள்

மணி அடித்ததும் எல்லாரும் வகுப்புக்குள் போனார்கள். நான் துடைப்பம் எடுக்கப் போனேன். போகப் போகப் பழகிவிடும் என்கிறாள் அம்மா. அவளுக்குப் பழகியிருக்கிறது. அவள் அந்தப் பள்ளியில் படித்தவள் இல்லையே.

போன மாதம் வரை பதினொன்றாம் வகுப்பில் ஜன்னலோரப் பெஞ்சு என்னுடையது. அம்மா பள்ளி மாடிப்படியைத் துடைத்துவிட்டு, தான் துடைத்த ஈரத்திலேயே வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். அப்பா இப்போது வேறொரு ஊரில் வேறொரு வீட்டுக்கு அப்பா. வேறு யார் இருக்கிறார்கள்? பெரிய மிஸ், அதாவது தலைமை ஆசிரியை, வீட்டுக்கே சொல்லியனுப்பினார். "வேலையை வேற ஆளுக்குக் குடுக்க மனசு வரல. கால் சரியாகற வரைக்கும் உங்க பொண்ணு வந்து செய்யட்டும்." அம்மா கட்டுப்போட்ட காலை நீட்டியபடியே கையெடுத்துக் கும்பிட்டாள். நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு அதுதான்.

என் பங்குக்கு வேதியியல் ஆய்வகம், அதை ஒட்டிய சாமான் அறை, தாழ்வாரம், அதே மாடிப்படி. ஆய்வகத்தை வேண்டுமென்றே கடைசியில் பெருக்குகிறேன். அங்கேதான் எங்கள் — அவர்களுடைய — திட்டப்பணி நடக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் எந்த வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது, எது பழசாகிவிட்டது, எதை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று ஒழுங்குபடுத்துவது. கேப்டன், ரேடியோ, நான் மூன்று பேரும் தொடங்கியது. கேப்டன் விளையாட்டிலும் கேப்டன், வீட்டிலும் கேப்டனாம். ரேடியோ வாயை மூடமாட்டாள். நான் வாயைத் திறக்கமாட்டேன், அதனால் அவர்கள் எனக்கு வைத்த பெயர் சைலன்சர்.

முதல் நாள் வேதியியல் மிஸ் அலமாரியைத் திறந்து காட்டிச் சிரித்தது நினைவிருக்கிறது. "அகர வரிசையில அடுக்கியிருக்காங்க பாரு. இப்படி வெச்சா ஆகாத மாமியாரும் மருமகளும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துருவாங்க. என்னிக்காவது ஒரு நாள் குடும்பமே பத்தி எரியும்." அன்றுதான் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

செப்டம்பர் 6, புதன்

இடைவேளையில் ரேடியோ என்னைத் தேடி வந்தாள். நான் சாமான் அறையில் வாளியில் துணியை அலசிக்கொண்டிருந்தேன். பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தேன். கையெல்லாம் கழுவுநீர் நாற்றம். ஆள் வருவதற்கு முன் தாழ்வாரத்திலிருந்து குரல் வந்துவிட்டது.

"சைலன்சர், எங்கடி இருக்க? உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்டி."

பின்கதவு திறந்திருந்தது. போய்விட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். அவள் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டு ஓய்ந்தாள்.

என்ன சொல்ல வந்திருப்பாள்? எப்படி இருக்கே என்று கேட்டிருப்பாள். அதற்கு என்ன பதில் இருக்கிறது என்னிடம்? சீருடையோடு அவள், செருகிய பாவாடையோடு நான் — யாராவது பார்த்தால் அவளுக்குத்தான் சங்கடம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் 7, வியாழன்

ரேடியோ வரவில்லை. நிம்மதி. நிம்மதிதானா?

செப்டம்பர் 8, வெள்ளி

துடைப்பம் எடுத்த பிறகு முதல் நல்ல நாள்.

லேப் அண்ணன் — ஆய்வக உதவியாளரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம் — காலையிலேயே சொன்னார். "திட்டப்பணியைப் பாக்க வெளியிலேருந்து தேர்வுக் குழு வருதாம். லேப்ல எல்லாம் பளபளன்னு இருக்கணும். மூஞ்சி பாத்துத் தலை வாரலாம்ங்கற மாதிரி இருக்கணும், ஆமா." சொல்லிவிட்டு மதியமே கிளம்பிவிட்டார். மேசை, கழுவுதொட்டி, தரை எல்லாம் முடித்தேன். பிறகு அலமாரியைத் திறந்தேன்.

பாட்டில்களிலிருந்த பழைய கிழிந்த காகிதங்களை எல்லாம் உரித்திருந்தார்கள். கண்ணாடி மேல் பசைக்கறை, தூசி, மார்க்கரால் எழுதிய எண்கள். மேசை மேல் புத்தம்புதிய லேபிள்கள் அச்சடித்து வந்து கிடந்தன. எனக்குப் புரிந்துவிட்டது. நான் குழுவில் இருந்தபோதே கேப்டன் சொல்வாள், "நம்பர் எல்லாம் தற்காலிகம்தான். கடைசியில அழிச்சிட்டு லேபிள் ஒட்டிருவோம்." அந்தக் கடைசி வந்துவிட்டது.

ஒட்டுவதற்கு முன் கண்ணாடி சுத்தமாக இருக்க வேண்டாமா? அழுக்கின் மேல் ஒட்டினால் ஒரே மாதத்தில் உரியும். எல்லாவற்றையும் மேசைக்கு இறக்கி, ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒரு கிறுக்கல்கூட மிச்சமில்லை. உயரமானவை பின்னால், குள்ளமானவை முன்னால் என்று காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை நிறுத்துவது மாதிரி நிறுத்தினேன். சாயங்கால வெயில் பட்டபோது அலமாரி நகைக்கடை மாதிரி இருந்தது.

திங்களன்று கேப்டனும் ரேடியோவும் திறந்து பார்ப்பார்கள். யார் செய்தது என்று கேட்பார்கள். நான் சொல்லமாட்டேன். நம்ம சைலன்சர் வேலைதான் இது என்று ரேடியோ சொல்லிவிடுவாள்.

செப்டம்பர் 11, திங்கள்

எழுதக் கை வரவில்லை.

கேப்டன் அலமாரியைத் திறந்தபோது நான் சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன், பாராட்டைக் கேட்க. ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "மிஸ்... மிஸ், கொஞ்சம் வாங்க." நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

எண்ணைப் பார்த்துத்தான் பெயர் ஒட்டவிருந்தார்களாம். இன்ன எண்ணுக்கு இன்ன பொருள் என்று அவர்கள் பட்டியலில் இருக்கிறது. பாட்டிலில் எண் இல்லை. இருந்த வரிசையும் இல்லை, நான்தான் உயரப்படி நிறுத்திவிட்டேனே. எண்ணை அழித்துவிட்டால் எதைப் பார்த்து ஒட்டுவார்கள்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றும். எனக்கு ஏன் தோணல? நல்லது செய்றேன்னு கிளம்பிட்டா மூளையைக் கழட்டி ஆணியில மாட்டிருவேனா?

"நான் மேசையைத்தான் மிஸ் தொடைக்கச் சொன்னேன்" என்றார் லேப் அண்ணன், என்னைப் பார்க்காமல். நான் மறுக்கவில்லை. மறுக்க வாய் வேண்டும்.

ரேடியோ தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள். "லேபிளை உரிச்சிட்டோம், இனிமே நம்பர் மட்டும்தான் அடையாளம், தொட்டுறாதன்னு சொல்லத்தான்டி அன்னிக்கு வந்தேன். சாமான் ரூம்ல வாளி இருந்துச்சு. தண்ணி ஆடிட்டே இருந்துச்சு. நீ எங்க போன?"

தண்ணீர் ஆடிக்கொண்டிருந்ததாம். ஒளிந்துகொண்டேன் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 12, செவ்வாய்

பெரிய மிஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். அந்த அறையைத் தினமும் பெருக்குகிறேன். நாற்காலிக்கு எதிரே நின்றது இன்றுதான்.

"இதுல பள்ளிக்கூடத்து மானம் இருக்கு" என்றார். "இருபதாம் தேதி குழு வருது. அதுக்குள்ள அலமாரி ஒழுங்குக்கு வந்தாகணும். வரலேன்னா உங்க அம்மாவுக்காக நான் பாவம் பாத்துட்டு இருக்க முடியாதும்மா. வாட்ச்மேன் தங்கச்சி இந்த வேலைக்கு நடையா நடக்கறா."

தலையாட்டினேன்.

வீட்டில் அம்மா முக்காலி மேல் காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "என்னடி மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. உனக்கு ஆண்டவன் வாயைச் சாப்பிட மட்டும்தான் வெச்சிருக்கான்." அவளே சிரித்துக்கொண்டாள். இன்று சுவரைப் பிடித்தபடி அடுப்பு வரை போய்விட்டாளாம். "இன்னும் கொஞ்ச நாள்தான். நான் வேலைக்குப் போயிருவேன், நீ உன் பெஞ்சுக்குப் போயிருவ. போன பாடத்தை எல்லாம் அந்த வாயாடிப் பொண்ணுகிட்ட வாங்கி எழுதிக்க."

அவள் எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சுவரை இல்லை. அந்த வேலையைத்தான். அதைத்தான் நான் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டேன்.

செப்டம்பர் 13, புதன்

வேதியியல் மிஸ் என்னையும் குழுவோடு உட்காரவைத்தார். "அலமாரியைத் தினம் தினம் பாத்தவ நீ. முன்னாடி எங்கிட்டப் பாடமும் படிச்சவ. ஞாபகப்படுத்திப் பாரு."

நிறமுள்ளவை எளிது. நீலம் காப்பர் சல்பேட். கறுத்த ஊதா பொட்டாசியம் பெர்மாங்கனேட். மஞ்சள் கந்தகம். கூட்டத்தில் சொந்தக்காரர்களைத் தூரத்திலேயே கண்டுபிடிப்பது மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் கேப்டனிடம் கொடுத்தேன். அவள் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. யாரும் பார்க்காதபோது ரேடியோ என் காலை மிதித்தாள், பழைய மாதிரி.

பிறகு வெள்ளைகள். ஒரே சாயலில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. சமையலுக்குப் போடுவதும் வெள்ளை, துணிக்குப் போடுவதும் வெள்ளை, உயிரை எடுப்பதும் வெள்ளை.

"சோதிச்சுப் பாக்கலாமே மிஸ்" என்றாள் கேப்டன்.

"சோதிக்கற மருந்தும் இதே அலமாரியிலதான்டி உக்காந்திருக்கு, பேரில்லாம" என்றாள் ரேடியோ. யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

முறையாகச் சோதிக்கலாம், புதிதாக மருந்து வரவழைக்க வேண்டும், நாளாகும் என்றார் மிஸ். நாள்தான் இல்லை.

செப்டம்பர் 14, வியாழன்

வெள்ளை. வெள்ளை. வெள்ளை. கண்ணை மூடினாலும்.

செப்டம்பர் 15, வெள்ளி

இன்று தலையாட்டிவிட்டேன்.

சில வெள்ளைகளை எனக்கு உண்மையிலேயே தெரியும். மூடியில் விரிசல் விட்டது சோடியம் கார்பனேட், அதை எடுத்துவைக்கும்போது ஒருமுறை என் விரலை வெட்டியது. கட்டியாகிக் கிடப்பது கால்சியம் குளோரைடு, அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். ஆனால் மீதி? மூன்றாம் தட்டில் இடது ஓரத்தில் தடித்த பாட்டில் ஒன்று இருந்ததாக ஞாபகம். அதில் அம்மோனியம் குளோரைடு என்று பழைய காகிதம் இருந்ததாகவும் ஞாபகம். ஆனால் அதே மாதிரித் தடித்த பாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. லெட் நைட்ரேட்டும் அந்தத் தட்டில்தான் இருந்தது.

மிஸ் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார். "இது அம்மோனியம் குளோரைடுதானே? நிச்சயமாத் தெரியுமா?" அவர் கண்களைச் சுற்றிக் கறுத்திருந்தது. அவருக்கு மேலேயும் பெரிய மிஸ் இருக்கிறார். கேப்டன் லேபிளின் பின்தாளை உரித்து விரல் நுனியில் தயாராகப் பிடித்திருந்தாள்.

அம்மா சுவரைப் பிடித்து நடப்பது கண் முன் வந்தது. தலையாட்டினேன். ஒட்டினாள்.

அடுத்தது. தலையாட்டினேன். அடுத்தது. ஒருமுறை ஆட்டிவிட்டால் பிறகு கழுத்து தானாகவே ஆடுகிறது.

ரேடியோ மட்டும் என் காதருகே கேட்டாள். "நெஜமாவாடி?" அவளுக்கும் ஆட்டினேன்.

முடிந்ததும் மிஸ் என் தோளைத் தட்டினார். "பெரிய மிஸ்கிட்ட நானே சொல்லிடறேன். அம்மா வேலைக்கு ஒண்ணும் ஆகாது, போ." அலமாரியில் ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. அவ்வளவு அழகாக ஒரு பொய்யை நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 16, சனி

அம்மா உப்பு எடுக்கச் சொன்னாள். டப்பாவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். பிறகு கிள்ளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புதான். ஏனோ அழுகை வந்தது. "வெங்காயம்" என்றேன். இன்று சமையலில் வெங்காயமே இல்லை.

வீட்டு டப்பாவுக்கு நாக்கு இருக்கிறது. அந்த அலமாரிக்கு எது இருக்கிறது?

மிஸ் ஒருமுறை எங்கள் வகுப்பில் லெட் நைட்ரேட்டைச் சூடாக்கிக் காட்டினார், துளியூண்டு. படபடவென்று பொரிந்தது. பழுப்பாகப் புகை எழுந்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டும் தொண்டை எரிந்தது. எல்லாரையும் வெளியே அனுப்பினார். அது துளியூண்டு.

செப்டம்பர் 17, ஞாயிறு

நாளை சொல்லிவிடலாம். மிஸ்ஸிடம் மட்டும், தனியாக. ஒரே வரி. 'மிஸ், சிலது எனக்குத் தெரியாது.' துணி துவைக்கும்போது சொல்லிப் பார்த்தேன். குரல் வந்தது.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்? ஒருவேளை எல்லாம் சரியாகவே இருக்கலாம். அந்தத் தட்டு, அந்த ஓரம், அந்தக் காகிதம் — பார்த்த ஞாபகம் இருக்கத்தானே செய்கிறது. இருக்கா? இல்ல, இருக்கணும்னு நான் நெனைக்கறேனா?

அம்மா இன்று சுவரை விட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்தாள்.

செப்டம்பர் 18, திங்கள்

காலையில் ஆய்வக வாசலிலேயே காத்திருந்தேன். மிஸ் வந்தார், ஆனால் ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் பின்னால் இழுத்துக்கொண்டு. "அப்புறம் வரேன்மா" என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனார். எனக்குள் ஒரு மூலையில் அப்பாடா என்றிருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

தாழ்வாரத்தைத் துடைக்கத் தொடங்கினேன். மிஸ் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பதங்கமாதல் பாடம். சாதாரண உப்பையும் அம்மோனியம் குளோரைடையும் கலந்து சூடாக்கினால் ஒன்று மட்டும் ஆவியாகி, மேலே கவிழ்த்த புனலில் வெண்மையாகப் படியும். மற்றது கீழேயே கிடக்கும்.

"அலமாரியிலேருந்து அம்மோனியம் குளோரைடை எடுத்துட்டு வா."

"மிஸ், புது லேபிள் மிஸ். சூப்பரா இருக்கு."

கதவிடுக்கில் பார்த்தேன். அந்தத் தடித்த பாட்டில். பீங்கான் கிண்ணத்தில் மிஸ் இரண்டு கரண்டி போட்டார். துளியூண்டு இல்லை. முன்வரிசைப் பிள்ளைகள் எக்கி எக்கி மூஞ்சியை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. தீக்குச்சி உரசிய சத்தம் கேட்டது.

அப்புறம் நடந்தது கோவையாக நினைவில்லை. உள்ளே போயிருக்கிறேன், ஈரத் துடைப்பானோடு, வழியெல்லாம் சொட்டச் சொட்ட, மேசை வரைக்கும்.

"வேண்டாம் மிஸ். அதுல இருக்கறது என்னன்னு எனக்குத் தெரியாது. லெட் நைட்ரேட்டாவும் இருக்கலாம். தெரியும்னு தலையாட்டினேன். தெரியாது மிஸ். இன்னும் சிலதும் தெரியாது."

பின்வரிசையில் ஒருவன், "டேய், கூட்டற அக்கா பேசுதுடா" என்றான். சிரிப்பு எழுந்தது. மிஸ் சிரிக்கவில்லை. ஸ்பிரிட் விளக்கை அணைத்தார். பாட்டிலை மூடினார். பிள்ளைகளை வரிசையாக வெளியே அனுப்பினார்.

"அன்னிக்கு நிச்சயமான்னு கேட்டேனே. ஏன் தலையாட்டின?"

"தலையாட்டினா வேலை இருக்கும்னு, மிஸ்."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "நீ தலையாட்டணும்னுதான் நானும் கேட்டேன் போல" என்றார்.

செப்டம்பர் 19, செவ்வாய்

எவை எவை என்று நானே எடுத்துக் கொடுத்தேன். மிஸ் லேபிள்களைக் கிழித்தார். சிவப்பு மையில் தன் கையாலேயே எழுதி ஒட்டினார்: பெயர் தெரியாது, திறக்காதே. தனித் தட்டில் வைத்துப் பூட்டினார்.

கேப்டன் அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. "எல்லாத்துக்கும் பேர் இருக்கணும்கறதுதான்டி நம்ம திட்டமே. நாளைக்குக் குழு வந்து இதைத்தான் பாக்கப் போறாங்க. நீ போனதுக்கப்புறமும் எங்களைக் கெடுக்கணுமா?" அவள் சொல்வதில் என்ன தப்பு? ரேடியோ எதுவும் பேசவில்லை. ரேடியோ பேசாமல் இருந்ததும் நான் பார்த்ததில்லை.

பெரிய மிஸ் நின்றுகொண்டே பேசினார். "ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் வீட்டுல போய்ச் சொல்லியாச்சு. காலையிலேருந்து எத்தன பேருக்கு நான் பதில் சொல்றது? நாளையிலேருந்து வேண்டாம்." சாமான் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்.

வாசலில் லேப் அண்ணன். "தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. ஒரு ரெண்டு நாள் பொறுத்திருந்தா குழு வந்துட்டுப் போயிருக்கும்ல?" திட்டவில்லை, இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 20, புதன்

காலையில் நான் கிளம்பாததைப் பார்த்து அம்மா கேட்டாள். சொன்னேன். இரண்டாம் முறை சொல்வதால் கொஞ்சம் கோவையாகவே வந்தது.

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "இத்தன வருஷமா வாயத் தொறடி, வாயத் தொறடின்னு கெஞ்சினேன். தொறந்ததுதான் தொறந்த, இதுக்கா தொறக்கணும்?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இந்நேரம் குழு வந்திருக்கும்.

செப்டம்பர் 24, ஞாயிறு

அம்மா நடந்து பழகுவதை விட்டுவிட்டாள். "வாம்மா, கொஞ்சம் நட" என்றேன். "எங்க போகறதுக்கு?" என்றாள்.

பேசுகிறாள். தண்ணி குடு, கதவைச் சாத்து, விளக்கை அணை. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இப்போது இந்த வீட்டில் இரண்டு சைலன்சர்.

நான் சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமா? தீக்குச்சி உரசிய பிறகும்? — இல்லை. ஆனால் இவள் முதுகைப் பார்க்கும்போது, ஆமாம் என்று தோன்றுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

அக்டோபர் 2, திங்கள்

துணிக்கடை, மருந்துக்கடை, ஒரு தையல் கூடம். எல்லா இடத்திலும் "என்ன படிச்சிருக்க?" என்கிறார்கள். பாதி என்றால் ஒரு பார்வை. பாதிப் படிப்புக்குப் பாதி வேலையாவது இருக்கக் கூடாதா? "முன்னாடி எங்க வேலை பாத்த, ஏன் விட்டுட்ட?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர். எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 5, வியாழன்

இன்று அடுப்பு பற்றவைக்கவில்லை.

அக்டோபர் 6, வெள்ளி

மேல்வீட்டு அக்கா ஒரு பாத்திரத்தில் கஞ்சி கொடுத்தார். "மிச்சமாயிருச்சு, கொட்டறதுக்கு மனசு வரல" என்றார். சூடாக இருந்தது. மிச்சமானது எப்படி இவ்வளவு சூடாக இருக்கும்? அம்மா அந்தப் பொய்யை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். நானும்தான்.

அக்டோபர் 11, புதன்

தெருவில் லேப் அண்ணன். விலகிப் போகலாம் என்று பார்த்தேன், சைக்கிளைக் குறுக்கே நிறுத்திவிட்டார். திட்டப்பணியைக் குழு தேர்ந்தெடுக்கவில்லையாம். சிவப்பு லேபிள் பாட்டில்களை அப்புறப்படுத்த ஒரு வண்டி வந்ததாம். கையுறை மாட்டிக்கொண்டு வந்த ஆட்கள் பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கி எடுத்துப் போனார்களாம்.

"எது எதுன்னு தெரிஞ்சுதாண்ணா?" நானே கேட்டேன்.

"யாரு தெறந்து பாத்தா? பேர் தெரியாததுன்னா தெறக்கவே மாட்டாங்களாம். அப்படியே கொண்டுபோய் அழிச்சிருவாங்களாம்." கொஞ்சம் தயங்கினார். "அன்னிக்கு மேசைய மட்டும்தான் சொன்னேன்னு... எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்மா." சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். பேச்சு நின்றுபோன வீட்டில் ஏதாவது செய்தி சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் திரும்பிப் படுத்தவாறே கேட்டாள்.

"அப்போ நீ சொல்லி ஒட்டினது சரியாவே இருந்திருந்தா?"

"இருந்திருக்கலாம்மா."

"சும்மாவே போயிருக்குமா, வேலை?"

பதில் இல்லை என்னிடம். இனி யாரிடமும் இல்லை. அந்தப் பதிலையும் வைக்கோல் போட்டு எடுத்துப் போய்விட்டார்கள். வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருட்டிய பிறகு உள்ளிருந்து குரல் வந்தது.

"அந்தப் பிள்ளைங்க எக்கிப் பாத்துட்டு இருந்துச்சுங்கன்னியே. எத்தன வயசிருக்கும்?"

"பதிமூணு, பதினாலு."

சற்றுக் கழித்துச் சுவரில் கை உராயும் சத்தம் கேட்டது. எழுந்து, பிடித்துப் பிடித்து, அடுப்பு வரை போனாள்.

அக்டோபர் 20, வெள்ளி

மேல்வீட்டு அக்கா சொல்லி, முனையிலுள்ள பேக்கரியில் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு உட்கார்ந்தபடி ரொட்டியைத் தாளில் சுற்றும் வேலை. எனக்குப் பின்கட்டில் தட்டு கழுவி அடுக்குவது. இருவருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்குண்டான கூலி. "காலு ஒண்ணு, வாயி ஒண்ணு, ரெண்டும் சேர்ந்து ஒரு முழு ஆளு" என்று அம்மா முதலாளியிடம் சொன்னாள். அவள் சொன்ன வேடிக்கையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

நவம்பர் 6, திங்கள்

பேக்கரியின் பின்கட்டில் வரிசையாகத் தகர டப்பாக்கள். எதிலும் எதுவும் எழுதவில்லை. மைதா, சர்க்கரைத்தூள், உப்பு, சோடா, எல்லாம் வெள்ளை. முதல் நாள் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டேன். "எனக்கு எதுக்கு எழுத்து? கை வெச்சாலே சொல்லிருவேன்" என்றார் முதலாளி. இன்று காலை ஒவ்வொன்றாக அவரிடம் கொண்டுபோய்க் கேட்டுக் கேட்டு எழுதி ஒட்டினேன். "வந்து மூணு வாரம் ஆகல, என்னையே பரீட்சை எழுத வைக்கறியே" என்று முணுமுணுத்தார். ஒரு டப்பாவில் மட்டும் அவர் கை தயங்கியது. தொட்டார், தேய்த்தார், என்னைப் பார்த்தார். நான் காத்திருந்தேன்.

"தெரியலம்மா" என்றார். "கொட்டிரு."

மதியத்துக்கு மேல் பின்கட்டில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். முழங்கை வரை சோப்பு நுரை, தலையில் மாவு, பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தேன். முன்பக்கம் அம்மா யாரிடமோ, "உள்ளதான் இருக்கா, போ" என்று சொல்வது கேட்டது. பிறகு அந்தக் குரல், ஆள் வருவதற்கு முன்.

"சைலன்சர், எங்கடி இருக்க?"

மாவு மூட்டை இறக்குவதற்காகப் பின்கதவு விரியத் திறந்திருந்தது. அதற்கும் எனக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. தட்டைக் கீழே வைத்தேன். தொட்டித் தண்ணீர் ஆடி, மெதுவாக நின்றது.

ரேடியோ உள்ளே வந்தாள். சீருடையில்தான் இருந்தாள். கக்கத்தில் புது அட்டை போட்ட இரண்டு வேதியியல் புத்தகங்கள், இரண்டும் ஒன்றே. ஒன்றின் லேபிளில் சைலன்சர் என்று எழுதியிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்டி."

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

"சொல்லு" என்றேன்.